சுத்தியலால் அடித்துப் பார்த்த மருத்துவர்: ‘தி நிக்’ தொடரில் எது நிஜம், எது கதை?

[திரையில்: கறுப்புப் பின்னணியில் ஒரு பழைய கண்ணாடி ஊசிக்குழல்.]

1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஜெர்மனியின் கீல் நகரில், ஆகஸ்ட் பீர் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் தம் உதவியாளரின் முதுகுத்தண்டில் கொக்கைன் கரைசலைச் செலுத்திவிட்டு, அவருடைய முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மீதே, இரும்புச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார். உதவியாளருக்கு வலிக்கவில்லை. எரிகிற சுருட்டைத் தோலில் வைத்தார். சுட்டதே தவிர வலிக்கவில்லை. வேறு சில மென்மையான இடங்களிலும் சோதனை நடந்தது. குடும்பத்துடன் இந்தக் காணொளியைப் பார்ப்பவர்களை முன்னிட்டு அவற்றை விட்டுவிடுகிறேன். சோதனை வெற்றி பெற்ற மகிழ்ச்சியில் இருவரும் அன்றிரவு மது அருந்திச் சுருட்டுப் பிடித்துக் கொண்டாடினார்கள். மறுநாள் மருந்தின் மயக்கம் தெளிந்திருந்த உதவியாளருக்குக் காலெல்லாம் கன்றிப்போய், தலைவலியும் வாந்தியுமாக இருந்தது. மருத்துவர் பீர் ஒன்பது நாள்கள் படுக்கையை விட்டு எழவில்லை. ஏனென்றால், அன்று முதலில் ஊசி குத்தப்பட்டது அவருக்குத்தான். ஊசிக்குழலும் ஊசியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் தண்டுவட நீரெல்லாம் வெளியே ஒழுகியது தான் மிச்சம்.

இதை ஒரு தொடரில் காட்டியிருந்தால் “நன்றாக ரீல் விடுகிறார்கள்” என்று நாம் சிரித்திருப்போம். ஆனால் இந்த ஒரு சோதனையின் மேல்தான் ‘தி நிக்’ தொடரின் முதல் அத்தியாயமே நிற்கிறது.

வணக்கம். பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் எனக்கே பெரிய ஆர்வம் இல்லை. 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் சினிமேக்ஸ் அலைவரிசையில் இரண்டு பருவங்களாக, மொத்தம் 20 அத்தியாயங்கள் வெளிவந்தன. அத்தனையையும் இயக்கியவர் ஸ்டீவன் சோடர்பர்க். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவரே, புனைபெயர்களில் செய்துகொண்டார். கதை நடப்பது 1900ஆம் ஆண்டின் நியூயார்க்கில், நிக்கர்பாக்கர் என்ற மருத்துவமனையில். அந்தப் பெயரில் பின்னாளில் ஹார்லெம் பகுதியில் ஓர் உண்மையான மருத்துவமனை இருந்தது. தொடரில் வருவது கற்பனை. நாயகன் டாக்டர் ஜான் தாக்கரியாக கிளைவ் ஓவன் நடித்திருக்கிறார். கதையின் முக்கியத் திருப்பங்களையும் முடிவையும் சொல்லப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

[திரையில்: வெள்ளை ஓடு பதித்த வட்டமான அரங்கு, படிப்படியாக உயரும் இருக்கைகள்.]

முதல் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிசேரியன் வருகிறது. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருப்பதால் தாய்க்கு இரத்தம் கொட்டுகிறது. கைப்பிடியைச் சுழற்றினால் உறிஞ்சும் பம்பு ஒன்றை ஒருவர் சுழற்றிக்கொண்டே இருக்க, கண்ணாடிப் புட்டிகளில் இரத்தம் மளமளவென்று நிரம்புகிறது. யாருடைய முகத்திலும் மூடி இல்லை, கைகளில் உறை இல்லை, தாடி மீசையெல்லாம் அப்படியே. சுற்றிலும் உயர்ந்த இருக்கைகளில் கோட்டும் சூட்டும் அணிந்த கனவான்கள் அமர்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். தாயும் குழந்தையும் இறக்கிறார்கள். தலைமை மருத்துவர் அமைதியாகத் தம் அறைக்குச் சென்று, சாய்விருக்கையின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் பரப்பி, துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்துபோகிறார். மெத்தை கறைபடக் கூடாது என்று துணி விரிக்கும் அந்தச் சிறு செயலில் ஒரு மனிதனின் குணம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. வசனம் எழுதி இதைக் காட்டியிருக்கவே முடியாது.

அவருடைய இடத்துக்குத்தான் தாக்கரி வருகிறார். மேதை, ஆனால் கொக்கைனுக்கு அடிமை. ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் தாங்கமாட்டாத அளவுக்கு நுரையீரல் கெட்டுப்போன ஒரு நோயாளிக்கு, பீர் செய்தது போலவே முதுகுத்தண்டில் கொக்கைன் செலுத்தி, விழிப்பு நிலையிலேயே அறுவைச் சிகிச்சை செய்கிறார். ஒரே மருந்து நோயாளியின் வலியையும் நீக்குகிறது, மருத்துவரின் நாள்களையும் தின்கிறது. தொடரின் உயிர்நாடியே இந்த முரண்தான் என்பது என் கருத்து. காதல், சூழ்ச்சி, கடன் தொல்லை எல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய தோரணங்கள்.

சரி, அப்படி ஒரு மருத்துவர் உண்மையில் இருந்தாரா? இருந்தார். இங்கேதான் நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட், 1852–1922.]

வில்லியம் ஹால்ஸ்டெட் நியூயார்க்கின் பெயர்பெற்ற இளம் மருத்துவர். 1881ஆம் ஆண்டு, பிரசவத்துக்குப் பின் அவருடைய சகோதரி இரத்தப்போக்கில் சாகக் கிடந்தபோது, தம் கையிலிருந்து இரத்தத்தை எடுத்து அவருக்குச் செலுத்தினார், பிறகு அறுவைச் சிகிச்சையும் செய்தார், சகோதரி பிழைத்துக்கொண்டார். மனித இரத்தத்தில் வகைகள் உண்டு என்பதை வியன்னாவின் கார்ல் லாண்ட்ஸ்டைனர் எழுதி வெளியிட்டதே 1901ஆம் ஆண்டில்தான். அதாவது ஹால்ஸ்டெட் செய்தது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டிய கதை. அதிர்ஷ்டம் அவர் பக்கம் இருந்தது. தொடரின் முதல் பருவத்தின் இறுதியில் தாக்கரியும் இதையே செய்கிறார். கொக்கைன் போதையில், தாம் ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பிக்கொண்டு, இரத்தசோகை உள்ள ஒரு சிறுமிக்குத் தம் இரத்தத்தைச் செலுத்துகிறார். சிறுமி இறந்துவிடுகிறாள். வரலாற்றில் நன்றாக முடிந்த ஒன்றைக் கதையில் கெட்டதாக முடித்தது வெறும் அதிர்ச்சிக்காக என்று நான் நினைக்கவில்லை. அன்றைய கணக்குப்படி அதுவும் அதே அளவுக்கு நடந்திருக்கக்கூடியதுதான்.

கொக்கைனுக்கு வருவோம். 1884ஆம் ஆண்டு வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளைஞர், கண்ணில் கொக்கைன் கரைசலை இட்டால் கண் மரத்துப்போகிறது என்று கண்டறிந்து சொன்னார். செய்தி கடல் கடந்து வந்ததும் ஹால்ஸ்டெட்டும் அவருடைய தோழர்களும் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுக்கொண்டு, எந்த நரம்பில் போட்டால் உடலின் எந்தப் பகுதி மரக்கிறது என்று பார்த்தார்கள். இன்று பல் பிடுங்கும்போது ஈறில் ஓர் ஊசி போட்டதும் தாடையே மரத்துப்போகிறதே, அந்த வித்தை இவர்களிடமிருந்து வந்ததுதான். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. பலர் அடிமையானார்கள். ஹால்ஸ்டெட் 1885ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் நீண்டு, எழுதியவரின் நிலையைத் தானே காட்டிக்கொடுத்தது. சிகிச்சைக்குச் சேர்ந்த இடத்தில் கொக்கைனை நிறுத்துவதற்கு மார்ஃபினைக் கொடுத்தார்கள். பேயை ஓட்டப் பூதத்தைக் கூப்பிட்ட அந்த வைத்தியத்தின் பயனாக, மார்ஃபின் அவருடைய வாழ்நாள் முழுவதும் கூடவே வந்தது. தாக்கரியையும் ஒரு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அங்கே மாற்று மருந்தாக அவருக்குக் கொடுக்கப்படும் குப்பியைக் கேமரா நெருங்கிக் காட்டுகிறது: ஹெராயின். 1898ஆம் ஆண்டு முதல் பேயர் நிறுவனம் கடைகளில் விற்ற மருந்து அது, இருமலுக்கு.

இதற்குப் பிறகு ஹால்ஸ்டெட் முடிந்துபோனார் என்றுதானே நினைக்கிறீர்கள்? பால்டிமோரில் 1889ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை தொடங்கப்பட்டபோது அங்கே சேர்ந்து, அமெரிக்க அறுவைச் சிகிச்சைக் கல்வியின் முறையையே வகுத்தவர் அவர். கையுறைக்கும் அவரே காரணம், அதுவும் பாதி காதலால். அவருடைய அறுவை அரங்கில் பணிபுரிந்த கரோலைன் ஹாம்ப்டன் என்ற செவிலியருக்கு, கை கழுவப் பயன்படுத்திய பாதரசக் குளோரைடு கரைசலால் தோல் வெடித்துப் புண்ணானது. வேலையை விட்டுவிடுவாரோ என்று பதறிய ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்தில் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்யச்சொன்னார். 1890ஆம் ஆண்டில் இருவருக்கும் திருமணம். கையுறை நோயாளியைத் தொற்றிலிருந்து காக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. முதலில் அது காப்பாற்ற நினைத்தது ஒரு பெண்ணின் கைகளை மட்டுமே. நம் திரைக்கதை ஆசிரியர்கள் இதை இன்னும் எப்படி விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆக, தொடரின் மருத்துவம் பெரும்பாலும் ஆதாரம் உள்ளது. பழைய மருத்துவப் புகைப்படங்களைப் பெருந்தொகையாகச் சேர்த்துவைத்திருக்கும் டாக்டர் ஸ்டான்லி பர்ன்ஸ் ஆலோசகராக இருந்தது அதற்கு ஒரு காரணம். பொய் இருப்பது நாள்காட்டியில். தன் சமையலால் வீடு வீடாக டைஃபாய்டைப் பரப்பிய மேரி மாலன் பிடிபட்டது 1907ஆம் ஆண்டில். தொடர் அவரைச் சில ஆண்டுகள் முன்னதாகவே இழுத்துவந்துவிடுகிறது. மனநோய்க்குக் காரணம் பல்லில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பல்லையெல்லாம் பிடுங்கிய ஹென்றி காட்டன் என்ற மருத்துவரையும் இப்படித்தான் முன்னதாகவே இழுத்துவருகிறது.

ஆண்ட்ரே ஹாலண்ட் நடித்த டாக்டர் ஆல்ஜர்னன் எட்வர்ட்ஸைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பாரிஸில் பயிற்சி பெற்ற கறுப்பின மருத்துவரான அவரை, பணம் கொடுக்கும் குடும்பத்தின் வற்புறுத்தலால் மருத்துவமனை வேண்டாவெறுப்பாக ஏற்கிறது. வெள்ளையர் நோயாளிகளை அவர் தொடக் கூடாது என்பதால், நிலவறையில் யாருக்கும் தெரியாமல் கறுப்பின மக்களுக்கென்று ஒரு சிகிச்சைக்கூடமே நடத்துகிறார். மிகையாகத் தோன்றினால் இதை நினைவில் கொள்ளுங்கள்: நிஜத்தில், நியூயார்க்கின் ‘ஹார்லெம் மருத்துவமனை’ என்ற வேறொரு மருத்துவமனையில் லூயிஸ் ரைட் என்ற முதல் கறுப்பின மருத்துவர் சேர முடிந்தது 1919ஆம் ஆண்டில்தான். சிகாகோவில் 1891ஆம் ஆண்டிலேயே டேனியல் ஹேல் வில்லியம்ஸ் ப்ராவிடன்ட் மருத்துவமனையைத் தொடங்க வேண்டியிருந்ததும், இருக்கிற மருத்துவமனைகள் கதவைத் திறக்காததால்தான்.

இசை கிளிஃப் மார்ட்டினெஸ். குதிரை வண்டி ஓடும் தெருவுக்கு மின்னணு இசை. முதலில் உறுத்தும், பிறகு அது இல்லாமல் பார்க்க முடியாது.

[திரையில்: அறுவை மேசைக்கு எதிரே ஒரு கண்ணாடி.]

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். தாம் நேசித்த பெண் ஈதர் மயக்கத்திலேயே இறந்துபோனதால், தாக்கரி ஈதரை அடியோடு வெறுக்கிறார். தம் குடல் கெட்டுப்போனபோது, முதுகுத்தண்டில் தாமே ஊசி போட்டுக்கொண்டு, எதிரே கண்ணாடியை வைத்துக்கொண்டு, நிறைந்த அரங்கில் தம் வயிற்றைத் தாமே திறக்கிறார். பாதியில் கை தவறுகிறது. “இதெல்லாம் கொஞ்சம் ஓவர்” என்று விமர்சித்தவர்கள் பலர். ஆனால் 1921ஆம் ஆண்டு, பென்சில்வேனியாவில் இவான் ஓ’நீல் கேன் என்ற மருத்துவர், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு தம் குடல்வாலைத் தாமே அறுத்தெடுத்தார். அவருடைய நோக்கமும் ஈதர் இல்லாமலே முடியும் என்று காட்டுவதுதான். அவர் பிழைத்தார், 1932ஆம் ஆண்டில் தம் குடலிறக்கத்துக்கும் தாமே கத்தி எடுத்தார், அப்போது வயது 70. 1961ஆம் ஆண்டு அண்டார்க்டிகாவில் வேறு மருத்துவரே இல்லாத சோவியத் நிலையத்தில் லியோனிட் ரோகோசோவ் என்ற மருத்துவர் தம் குடல்வாலைத் தாமே அறுத்தெடுத்தது வேறு வழியில்லாமல். கண்ணாடி குழப்புகிறது என்று கையால் தடவித் தடவியே முடித்தார்.

எனக்கு ரோகோசோவின் மேல் மரியாதை, கேனின் மேல் பயம். உங்களுக்கு எப்படி என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். இரத்தத்தைக் கண்டால் மயங்கிவிழும் நண்பர் யாராவது இருந்தால், இந்தக் காணொளியை அனுப்பிவிட்டு முதல் அத்தியாயத்தின் அந்தச் சிசேரியனை மட்டும் தாண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.