பள்ளிக்கூடம் வழியாக வந்த கராத்தே

நேயர்களுக்கு வணக்கம்.

கராத்தேயின் ஊர் எது என்று கேட்டால் ஜப்பான் என்பார்கள். நம் பக்கத்தில், காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போன போதிதர்மரைச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் அவர் ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டைக்கலை கற்பித்தார் என்ற கதை, அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது. நிச்சயமாகத் தெரிந்த வரலாறு, இன்று ஜப்பானின் தெற்குப் பகுதியாக இருக்கும் ஒகினாவா தீவில்தான் இருக்கிறது.

1879 வரை ஒகினாவா, ரியூக்யூ என்ற அரசின் நாடு. 1372 முதல் சீனப் பேரரசுக்குத் திறை அனுப்பி வணிகம் செய்துவந்தது. ஃபூஜோ துறைமுகத்துக்குப் போய்வந்தவர்கள் சரக்கோடு சீனச் சண்டை முறைகளையும் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க் கைச்சண்டையோடு அவை கலந்து ஷூரி, நாஹா, தொமாரி ஆகிய ஊர்களில் வளர்ந்தன. ஆயுதம் பறிபோன விவசாயிகள் சாமுராய்களை எதிர்க்க உருவாக்கியது கராத்தே என்று பல வகுப்புகளில் சொல்கிறோம். பெயர் தெரிந்த பழைய ஆசான்களோ பெரும்பாலும் அரச சேவையில் இருந்த குடும்பத்தினர். மட்சுமுரா சோக்கோன் அரசர்களிடமே பணிபுரிந்தவர்.

அவருடைய மாணவர் இதோசு அங்கோவைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச விரும்புகிறேன். அதுவரை ஆசான் தனக்குப் பிடித்த சிலருக்கு மட்டும், வெளியே தெரியாமல் கற்றுக்கொடுப்பார். இதோசு அதை 1901இல் ஷூரியில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுபோனார். குத்து, தடுப்பு, உதை ஆகியவற்றை ஒரு குறிப்பிட்ட வரிசையில் தனியாகச் செய்வதைத்தான் கட்டா என்கிறோம். நீண்ட பழைய கட்டாக்களைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி சுருக்கி, பினான் என்ற ஐந்து கட்டாக்களை அமைத்தார். இன்று நம் ஊரில் ஷோட்டோக்கான் என்ற கராத்தே பிரிவின் வகுப்பில் சிறுவர்கள் ஆரம்பத்தில் செய்யும் ஹெய்யான் கட்டாக்கள் அவைதான்.

1908இல் கல்வித் துறைக்கு அவர் பத்து அம்சங்கள் கொண்ட கடிதம் எழுதினார். ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு இதைக் கற்பித்துப் பள்ளிகளுக்கு அனுப்பினால், பத்தே ஆண்டுகளில் ஒகினாவா முழுவதும் பரவி ஜப்பானையும் எட்டும் என்று அதில் சொல்கிறார். 1915இல் அவர் காலமானார். 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டிய ஃபுனகோஷி கிச்சின் அவருடைய மாணவர். தொழிலால் பள்ளி ஆசிரியர்! ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ அவரை அழைத்து ஆதரித்தார். வெள்ளைச் சீருடையும் பிளாக் பெல்ட்டும் ஜூடோவிலிருந்து வந்தவை. அப்புறம் பல்கலைக்கழகங்கள் இதை எடுத்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒகினாவாவில் தங்கிய அமெரிக்க வீரர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வரிசையில் நின்று எண்ணிக்கை சொல்லிச் செய்யும் பயிற்சியில் பழைய பிடிகளும் பூட்டுகளும் பின்னுக்குப் போய்விட்டன என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. இருந்தும் நான் இதோசு பக்கம்தான். 1945இல் ஒகினாவாப் போரில் தீவு மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்தார்கள். கலை ஒருசில வீடுகளுக்குள்ளேயே இருந்திருந்தால் எத்தனை கட்டாக்கள் மிஞ்சியிருக்கும்?

அப்படி வீட்டுக்குள்ளேயே தப்பிய மரபும் ஒன்று உண்டு. நாகாயிமா குடும்பத்தின் ரியூயெய் ரியூ, 1970களில்தான் வெளியாருக்குக் கற்பிக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் கியூனா ரியோ செய்த ஓஹான் தாய் கட்டா அந்த மரபைச் சேர்ந்தது. ஒகினாவாக்காரர் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. கிடைத்தால் அந்தக் காணொளியைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.