கிறிஸ்தவ ராப் கலைஞரைப் பேட்டி எடுக்கிறீங்களா? இந்தக் கேள்வியோட ஆரம்பிக்காதீங்க!

"நீங்க எப்படி இரட்சிக்கப்பட்டீங்க?"

கேமரா ஓட ஆரம்பிச்சதும் இதைக் கேட்டா, பேட்டி அங்கேயே படுத்துடும். அந்தச் சாட்சியை, அதாவது தான் விசுவாசத்துக்கு வந்த கதையை, அவர் எத்தனையோ சபையில சொல்லியிருப்பார். மூச்சு விடுற இடம்கூட மாறாம, மனப்பாடமா வரும்.

பின்னணியை வேகமா பார்த்துடலாம். 1980-கள்லயே அமெரிக்காவுல கிறிஸ்தவ ராப் வந்தாச்சு. 2004-ல ரீச் ரெக்கார்ட்ஸ்ங்கிற கிறிஸ்தவ ராப் இசை நிறுவனத்தைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர் ராப்பர் லெக்ரே. 2013-ல சிறந்த காஸ்பல் (கிறிஸ்தவ பக்தி இசை) ஆல்பத்துக்கு கிராமி விருது வாங்கினார். 2014-ல அவரோட 'அனாமலி' ஆல்பம், அமெரிக்காவோட முக்கிய ஆல்பம் பட்டியலான பில்போர்டு 200-லயும் காஸ்பல் பட்டியல்லயும் ஒரே நேரத்துல முதலிடம். சரித்திரம் அவ்வளவு போதும்.

[திரையில்: ஒரு தாள், அதுல 16 வரி]

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஒரு ராப் சரணம் 16 பார்னு வெச்சுக்குங்க. ஒரு பார்னா நாலு பீட், அதாவது நாலு தாளத் தட்டு. வேகம் நிமிஷத்துக்கு 90 பீட். கணக்குப் போடுங்க: 64 பீட், சுமார் 43 விநாடி. பிரசங்கியார் முக்கால் மணி நேரம் பேசுறதை இவர் 43 விநாடியில அடக்கணும், எதுகையும் தப்பக் கூடாது! அப்போ எதையோ வெட்டித்தான் ஆகணும். வெட்டினதுலதான் விசுவாசப் போராட்டம் ஒளிஞ்சிருக்கு.

அதனால ஒரு சரணத்தை அச்செடுத்து அவர் கையில கொடுங்க. ஒரு வரியைத் தொட்டு, "இதுக்கு முன்னாடி இங்க என்ன எழுதியிருந்தீங்க? ஏன் அழிச்சீங்க?"ன்னு கேளுங்க. "சபையில தப்பா எடுத்துப்பாங்கன்னு பயந்தேன்"னு பதில் வந்தா, அதுல இருந்தே பேட்டியைக் கொண்டு போகலாம். "நீங்க கிறிஸ்தவ ராப்பரா, ராப் பாடுற கிறிஸ்தவரா?"ன்னு நேரா கேட்டீங்கன்னா, தயார் பண்ணி வெச்ச பதில்தான் வரும். அமெரிக்க ராப்பர் என்எஃப் மாதிரி, தான் கிறிஸ்தவன், ஆனா தன்னோட இசை கிறிஸ்தவ இசை இல்லைன்னு சொல்றவங்களும் இருக்காங்க. 'கிறிஸ்தவ ராப்பர்'ங்கிற அந்தப் பேரை வெச்சுத்தான் எந்த வானொலி போடும், எந்த சபை கூப்பிடும்னு முடிவாகுது. அவருக்கு அது சோத்துப் பிரச்சினையும்கூட. "இந்த வரியை யார் கேட்கணும்னு எழுதினீங்க?"ன்னு கேளுங்க, அந்த பதில் தானா வந்துடும்.

முதல் 10 நிமிஷம் பீட், பேனா, எழுதுற நேரம். அப்புறம் வீடு. கடைசியிலதான் ஜெபம், சந்தேகம். அவர் பேச்சை நிறுத்தினா, மனசுக்குள்ள அஞ்சு எண்ணிட்டு வாயைத் திறங்க. அந்த அஞ்சுக்குள்ள அவரே தொடர்ந்துடுவார். சிறைக்குப் போன அண்ணன், குடிக்கு அடிமையான அப்பா பத்தி கேட்கப் போறீங்கன்னா, முன்னாடியே அனுமதி வாங்குங்க. அவங்க நம்ம கேமராவுக்கு சம்மதிக்கலையே!

சத்தம். ராப்பரை வெச்சு "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு லெவல் பார்க்காதீங்க. நாலு வரி முழு வேகத்துல பாடச் சொல்லுங்க, ரெக்கார்டர் மீட்டர்ல உச்சம் மைனஸ் 12 டெசிபெல்ல நிற்கணும். பேச்சுக்கு வெச்ச லெவல்ல திடீர்னு பாடினா சத்தம் உடையும். உடைஞ்சதை முழுசா சரி பண்ணவே முடியாது. மைக்கை வாயிலருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க. 'ப' சொல்லும்போது வர்ற காத்து மைக்ல அடிச்சு வெடிக்காது.

பாட்டைச் சேர்க்கணும்னா ஒலிப்பதிவு உரிமை தனி, வரி-மெட்டு உரிமை தனி, பீட், அதாவது பின்னணி இசை, போட்டவர் பங்கும் இருக்கலாம். எல்லாமே எழுத்துல வாங்குங்க.

உங்களை உலுக்கின ஒரே ஒரு ராப் வரியை கமெண்ட்ல போடுங்க. அதுக்கு என்ன கேள்வி கேட்கலாம்னு அடுத்த வீடியோவுல பிரிச்சுப் பார்ப்போம்.