பீரோவில் உறங்கும் ஜாக்கெட் துணிகளும் ஒரு குடியாத்தம் யானையும்

வணக்கம். பின்னால் மின்விசிறி இரைவது கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சித்திரை மாதம், சத்துவாச்சாரி, மொட்டைமாடி அறை. மின்விசிறியை நிறுத்திவிட்டு வீடியோ எடுக்கும் வீரம் எனக்கு இல்லை.

யாரும் உடுத்தாத துணியிலும் காயலான் கடைச் சாமானிலும் பொம்மை செய்வதுதான் இன்றைய வேலை. மேஜையில் இருப்பதை முதலில் காட்டிவிடுகிறேன். இந்தப் பக்கம் யாரும் உடுத்தாத துணிகள். அந்தப் பக்கம் காயலான் கடையிலிருந்து வந்தவை: துணி கிழிந்துபோன ஒரு குடை, ஒரு தகரப்பெட்டி, ஒரு டப்பா நிறைய பொத்தான்கள். நடுவில் கத்தரிக்கோல். துணி வெட்டும் கத்தரிக்கோலால் இந்த வீட்டில் யாரும் காகிதம் வெட்டக் கூடாது. எங்கள் வீட்டில் உள்ள ஒரே சட்டம் அதுதான்.

உடுத்தாத துணி என்றால் பாதிக்கு மேல் ஜாக்கெட் துணிதான். வளைகாப்பு, கிரகப்பிரவேசம், வரலட்சுமி நோன்பு, கொலு என்று எங்கே போனாலும் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு ஒன்றை மடித்துக் கையில் வைத்துவிடுகிறார்கள். கடையில் 80 பாயிண்ட், அதாவது 80 சென்டிமீட்டர், என்று அளந்து வெட்டியது. தைக்கக் கொடுத்தால் தையற்கூலி துணி விலையைப் போல் பல மடங்கு. அதோடு, பெரும்பாலும் பாலியெஸ்டர். மே மாத வேலூரில் பாலியெஸ்டர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கச் சொல்லுங்கள் பார்ப்போம்! ஆகவே அது பீரோவுக்குப் போகும், அடுத்த விசேஷத்தில் வேறொருவர் கைக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. சுற்றிச் சுற்றிக் கொடுத்தவர் கைக்கே போய்விடக் கூடாது என்று என் அம்மா ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் பென்சிலால் பெயர் எழுதி வைப்பார். இதோ, கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். ‘பெரிய நாத்தனார்’. தெரிகிறதா? இந்தப் பச்சைத் துணி எத்தனை வீடு பார்த்ததோ, மடிப்பு விழுந்த இடத்தில் நிறம் வெளுத்துவிட்டது. இனி யாருக்கும் வைத்துக்கொடுக்க முடியாது. நல்லது. இப்போது அது என்னுடையது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். ‘வெட்டுவதற்கு மனசு வரவில்லை, பத்திரமாக இருக்கட்டும்’ என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பீரோவில் இருக்கும் துணி பத்திரமாக இருக்கிறது என்று யார் சொன்னது? பட்டுப் புடவையை மடித்தபடியே ஆண்டுக்கணக்கில் வைத்துப் பாருங்கள், மடிப்பு வரியிலேயே இழை விட்டுப்போகும். சரிகையில் வெள்ளி இருந்தால் காற்றுப்பட்டுக் கறுக்கும். உடுத்தக்கூடிய நிலையில் இருந்தால் உடுத்துங்கள், அல்லது உடுத்துகிறவருக்குக் கொடுங்கள். நல்ல புடவையை வெட்டிப் பொம்மை செய்வதில் எனக்குச் சம்மதமில்லை. இரண்டுக்கும் வழியில்லாத துணிக்குத்தான் கத்தரி.

என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் அது என்ன துணி என்று பார்த்துவிடுங்கள். படத்தில் ஒரு பொம்மையைப் பார்த்துவிட்டு, அதற்குத் துணி தேடி ஓடுவதால்தான் பாதி வேலை பாதியில் நிற்கிறது. ஓரத்திலிருந்து சில இழைகளை உருவுங்கள். நீளவாக்கில் ஓடும் பாவிலிருந்து தனியாக, குறுக்கே ஓடும் ஊடிலிருந்து தனியாக. இரண்டும் வேறு வேறாக இருக்கும் துணிகள் உண்டு. அந்த இழையை எரித்துப் பார்த்தால் என்ன துணி என்று தெரியும். எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், இழையைப் பிடிக்க இடுக்கி. மின்விசிறியை இப்போது மட்டும் நிறுத்துகிறேன்.

முதலில் இந்தக் கைலி. பற்றியவுடன் எரிகிறது, காகிதம் எரிகிற வாசனை, சாம்பலைத் தொட்டால் பொடி. பருத்தி. அடுத்து, பெரிய நாத்தனார் கொடுத்த பச்சை. பாருங்கள், சுடர் பக்கத்தில் போகும்போதே சுருங்குகிறது, உருகுகிறது, முனையில் கறுப்பாக ஒரு மணி. ஆறியபின் நசுக்கினாலும் உடையாது. பாலியெஸ்டர். சூடாக இருக்கும்போது அதைத் தொட்டுவிடாதீர்கள், தோலோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, ஆரணிப் பட்டு. முடி கருகும் வாசனை உங்களுக்கு வராது, எனக்கு நன்றாகவே வருகிறது. நெருப்பை விலக்கினால் தானாக அணைந்துவிடுகிறது, கரியை நசுக்கினால் பொடியாகிறது.

ரேயான் பருத்தியைப் போலவே எரிந்து ஏமாற்றும். அதற்கு வேறு வழி: இழையை நனைத்து இழுங்கள். ரேயான் நனைந்தால் பலம் குறைந்து சட்டென்று அறும். பருத்திக்கு நனைந்தால் பலம் கூடும்.

சரி, கைலிக்கு வருகிறேன். குடியாத்தம் கைலி. அந்த ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தீப்பெட்டி நினைவுக்கு வரும், எங்களுக்குக் கைத்தறிக் கைலியும் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவும். திருவிழாவுக்குப் போனபோது மாமாவுக்கு வாங்கியது இது. அவர் வேட்டியைத் தவிர வேறெதையும் கட்டாதவர். ‘நன்றாக இருக்கிறது அம்மா’ என்று சொல்லி வாங்கி வைத்ததோடு சரி. கஞ்சி கூடப் போகவில்லை, மொடமொடவென்று இருக்கிறது. அதனால் முதல் வேலை, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயவைப்பது. சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்பதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட வேண்டும்.

கட்டம் போட்ட துணியில் யானை செய்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கட்டங்கள் நேராக இருந்தால் யானை பள்ளிக்கூடப் பையன் மாதிரி விறைப்பாக நிற்கும். உடம்பை நேர் இழையில் வெட்டி, தும்பிக்கையை மட்டும் கிராஸாக, அதாவது இழைக்கு மூலைவாட்டாக வெட்டினால், கட்டங்கள் அங்கே சாய்ந்து ஓடும். கிராஸ் வெட்டில் துணி கொஞ்சம் இழுபடும் என்பதால் தும்பிக்கை தானாகவே வளைந்து கொடுக்கும். செய்தித்தாளில் வரைந்த அளவு இது. உடம்பு இரண்டு, வயிற்றுப் பட்டை ஒன்று, தும்பிக்கை தனியாக இரண்டு, காது நான்கு. காதின் உள்பக்கத்துக்கு இன்னொரு நாத்தனாரின் ரோஜா நிறத் துணி.

தைக்கும்போது கால் அங்குல விளிம்பு போதும். தையலை நெருக்கமாக வையுங்கள். பஞ்சு திணிக்கும்போது அழுத்தம் முழுவதும் அங்கேதான் விழும். தைத்த பிறகு வளைவுகளில் விளிம்பைச் சிறு சிறு வெட்டாக வெட்டவேண்டும், தையல் வரைக்கும் போகாமல் ஒரு நூல் முன்னதாக நிறுத்தி. கேமராவில் பாருங்கள்: இந்த வளைவில் வெட்டியிருக்கிறேன், அந்த வளைவில் வெட்டவில்லை. திருப்பியதும் இது வழவழப்பாக வளைகிறது, அது சுருங்கிப் பொருமிக்கொண்டு நிற்கிறது. தும்பிக்கையைத் திருப்புவதற்குப் பென்சிலால் குத்தாதீர்கள், கூர்முனை தையலைப் பிளந்துவிடும். மரக்கரண்டியின் காம்பு இதற்கென்றே செய்தது போல் இருக்கிறது.

உள்ளே இலவம்பஞ்சு. கையில் எடுத்தால் எடையே இருக்காது, மூக்குக்கு மட்டும் நன்றாகத் தெரியும். முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், மின்விசிறிக்கும் ஓய்வு கொடுங்கள். தும்பிக்கைக்கும் காலுக்கும் எதைத் திணித்தாலும் சிட்டிகை சிட்டிகையாக வைத்து இறுக்கவேண்டும். மொத்தமாக ஒரு கைப்பிடியைத் திணித்தால் முனை வெற்றாக நிற்கும். இலவம்பஞ்சை நனைத்தால் கட்டி கட்டியாகிவிடும் என்பதால் வயிற்றுப் பட்டையில் நான்கு விரல் நீளத்துக்குத் தைக்காமல் விட்டு, பிறகு அங்கே கையால் தைத்து மூடியிருக்கிறேன். பஞ்சை ஒரு உறையில் இட்டு உள்ளே வைத்தால், துவைக்கும்போது அந்தத் தையலைப் பிரித்து உறையை உருவிக்கொள்ளலாம். தும்பிக்கையிலும் காலிலும் மட்டும் பஞ்சுக்குப் பதில் துணி வெட்டுத்துண்டுகள் போட்டுவிடுங்கள்.

கண்ணுக்குப் பொத்தான் வைக்கலாமா என்று கேட்பீர்கள். பொத்தான் டப்பாவைப் பார்த்தால் எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் இந்த யானை ஒரு வயதுக் குழந்தைக்குப் போகிறது. பொத்தானைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் வயது. அதனால் கறுப்பு நூலால் தைத்த கண். பாதி மூடிய மாதிரித் தைத்தேன், மதியச் சாப்பாடு முடிந்த யானை.

இப்போது குடை. காயலான் கடைக்காரர் இதை இரும்பு எடைக்குத்தான் கொடுத்தார். துணியைப் பிரித்து எறிந்துவிட்டால் எட்டுக் கம்பிகள். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, ஒரு கை வண்ணம் பூசி, தலைகீழாகத் தொங்கவிட்டால் ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு மீன் தொங்கும். இதற்குத்தான் அந்தப் பாலியெஸ்டர் ஜாக்கெட் துணிகள். உடம்பில் போட்டால் எரிச்சல் தரும் அதே துணி இங்கே வரம். வெட்டிய ஓரத்தை ஊதுவத்தி நெருப்பால் லேசாகத் தடவினால் இழை உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது. ஓரம் மடித்துத் தைக்கும் வேலையே இல்லை. செதில்களை அரைவட்டமாக வெட்டி, வாலிலிருந்து தலை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைக்கவேண்டும். தலையிலிருந்து ஆரம்பித்தால் செதில் எதிர்த்திசையில் நிற்கும், மீன் சிலிர்த்துக்கொண்டது மாதிரி. ஜன்னல் கதவைத் திறந்து வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள், உருகும் பாலியெஸ்டர் புகை நல்லதல்ல.

‘ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு’ என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-இல் திரும்ப வந்துவிட்டார், அந்தக் கணக்கு தீர்ந்தது. பாலாறு 2021 நவம்பரில் வெள்ளமாக ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. மற்ற நாட்களுக்கு என் ஜன்னலில் எட்டு மீன்கள்.

மீன்களை நூலால்தான் கட்டியிருக்கிறேன். சூட்டுப் பசையால் ஒட்டினால் ஐந்து நிமிட வேலை என்று சொல்கிறவர்கள் குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிறார்களோ என்னவோ. மேற்குப் பார்த்த ஜன்னலில் அக்கினி நட்சத்திர வெயில் விழும்போது அந்தப் பசை இளகிவிடும். ஊசி நூல் இளகாது.

கடைசியாக ஆரணிப் பட்டு. இப்போது ஆரணி திருவண்ணாமலை மாவட்டம். 1989-இல் பிரித்தார்கள், அதற்கு முன் எல்லாம் ஒரே வட ஆற்காடு. என் பாட்டிக்கு இன்றும் வட ஆற்காடுதான். இது அவர் புடவை. மடிப்புகளில் விட்டுப்போய், எடுத்து உதறினால் கிழிகிறது. தெருவில் ‘பழைய பட்டுப்புடவை வாங்குறோம்’ என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவர் சரிகையைத்தான் பார்ப்பார், பட்டை அல்ல. அவரிடம் பேசுவதற்கு முன் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்: சரிகை இழை ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அது பெரும்பாலும் வெள்ளிச் சரிகை. நூலே வேறு நிறத்தில் பளபளத்தால் பிளாஸ்டிக். சிவப்பைப் பார்த்தும் கொடுத்துவிட்டு ஒரு எவர்சில்வர் பேசினை வாங்கிக்கொள்வது உங்கள் விருப்பம். பாட்டி ஒப்பவில்லை.

உடல் பகுதி போய்விட்டது, பார்டரும் முந்தானையும் மட்டும் பிழைத்திருக்கின்றன. மரப்பாச்சிக்கு உடுத்த அது தாராளம். ஆனால் இற்றுப்போன பட்டை அப்படியே தைத்தால் ஊசி போன துளையிலிருந்தே கிழியும். அடியில் மெல்லிய மல் துணியை வைத்து, முதலில் பெரிய தையலாக இரண்டையும் சேர்த்துக்கொண்டு பிறகு வெட்டவேண்டும். இஸ்திரிப் பெட்டி சூடு குறைவாக, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு. பார்டரின் அகலம்தான் மரப்பாச்சியின் பாவாடை உயரம். அதனால் கீழே மடிக்க வேண்டியதில்லை, நெய்தவர் போட்ட கரையே கரை. இடுப்பில் சுருக்கு வைத்து நாடா கோத்துவிட்டால் கழற்றி மாட்டலாம். ஆண் மரப்பாச்சிக்கு முந்தானையில் அங்கவஸ்திரம். பாட்டி வந்து பார்த்துவிட்டு, கொசுவம் இடப்பக்கமாக வரவேண்டும் என்று இரண்டு முறை பிரிக்கவைத்தார். புடவை அவருடையது, வாய் திறக்க முடியுமா?

தகரப்பெட்டி இதற்கெல்லாம் இருப்பிடம். உள்ளே ஒட்ட மிச்ச ஜாக்கெட் துணி, மூடியில் கைலித் துண்டு, மைதாப் பசை. மைதாவில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் பூச்சி வராது. மயில்துத்தம் விஷம், ஆகையால் சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், குழந்தை கைக்கு எட்டும் பெட்டியில் அதைச் சேர்க்காமலே ஒட்டுங்கள்.

யானையின் அளவு கேட்டு எழுதுவீர்கள். உங்கள் செய்தித்தாளில் ஒரு பக்கத்தை விரித்து, காதை உங்கள் உள்ளங்கை அளவுக்கு வரையுங்கள். உடம்பு அதைப்போல் மூன்று மடங்கு நீளம், தும்பிக்கை முழங்கை வரை. விலைக்குச் செய்து தருவீர்களா என்றும் கேட்பீர்கள். மாட்டேன். அம்மாவின் பென்சில் எழுத்துகளில் இன்னும் சித்தி, ஓரகத்தி, எதிர்வீட்டு அக்கா எல்லாரும் பாக்கி இருக்கிறார்கள். அடுத்த வீடியோவில் ஆம்பூர் பக்கத்துத் தோல் வெட்டுத்துண்டுகள். தோல் ஊசி வேறு, நூல் வேறு, வாங்கி வைத்திருங்கள்.