நூறு பேர் காத்த சேதி

நேயர்களுக்கு வணக்கம்.

2013 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கும் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா என்று ஓர் ஊர். அங்கேதான் மிசௌரிப் பல்கலைக்கழகம். அதன் ஃபுட்பால் அணி சீசனுக்கு முந்தைய பயிற்சியில் இருந்தது. ஒருநாள் வீரர்களைச் சிறு சிறு குழுக்களாக உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதாரண ஏற்பாடுதான். எனக்கு இது பிடிக்கும், எனக்கு இதைக் கண்டால் பயம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.

மைக்கேல் சாம் என்ற இளைஞரின் முறை வந்தது. வயது 23. அவருக்கு அது கல்லூரியில் கடைசி சீசன். நான் ஒரு தன்பாலீர்ப்பாளன் என்று அவர் சொன்னார்.

இன்று உங்களோடு பேச வந்திருப்பது அந்த ஒரு வரியைப் பற்றியும், அதற்குப் பின் வந்த ஆறு மாதங்களைப் பற்றியும்தான்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் இல்லை. பக்கத்துக்கு 11 பேர். பந்தைக் கையில் வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜ தூரம் முன்னேற வேண்டும். அப்படி முன்னேறி முன்னேறி எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், ஆறு புள்ளி. பந்தை வாங்கி, எறிவதா வேறொருவர் கையில் கொடுப்பதா என்று ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் சுவர் மாதிரி ஒரு வரிசை நிற்கும். அதற்கு எதிரே, அந்தச் சுவரை உடைப்பதற்கென்றே தடுப்பணியின் வரிசை நிற்கும். இந்த இரண்டு வரிசையிலும் நிற்கிறவர்களைத்தான் லைன்மேன் என்கிறார்கள்.

டிவியில் கேமரா பந்துக்குப் பின்னால்தான் ஓடும். லைன்மேன் செய்வது பார்க்கிறவர் கண்ணில் அவ்வளவாகப் படாது. ஒவ்வொரு முறையும் நூறு கிலோவைத் தாண்டிய இரண்டு பேர் முட்டிக்கொள்கிறார்கள். அந்த முட்டலில் யார் அரை அடி முன்னே போகிறார் என்பதுதான் மற்றதையெல்லாம் முடிவுசெய்கிறது. நம் கபடியில் ரெய்டர் பெயர் ஊருக்கே தெரியும், ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிற கார்னர்காரரை விஷயம் தெரிந்தவர்கள்தான் கவனிப்பார்கள். அது மாதிரிதான் இதுவும்.

மைக்கேல் சாம் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர். டிஃபென்சிவ் எண்ட் என்பார்கள். உயரம் ஆறடி இரண்டு அங்குலம், எடை ஏறக்குறைய 118 கிலோ. எதிரணி வரிசையைச் சுற்றிக்கொண்டோ உடைத்துக்கொண்டோ போய், குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்னால் அவரைக் கீழே சாய்க்க வேண்டும். அதற்குப் பெயர் சாக்.

அவர் வளர்ந்தது டெக்சஸ் மாநிலத்தில், கால்வெஸ்டன் பக்கத்தில் ஹிட்ச்காக் என்ற சின்ன ஊர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லவே மனசு கனக்கிறது. ஒரு அக்கா, இவர் பிறப்பதற்கு முன்பே குழந்தையாக இறந்துவிட்டார். ஒரு அண்ணன் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார், அதைச் சிறுவனாக இருந்த மைக்கேல் கண்ணால் பார்த்தார். இன்னொரு அண்ணன் 1998-இல் காணாமல் போனவர், திரும்பவே இல்லை. வேறு இரண்டு அண்ணன்கள் சிறைக்குப் போனார்கள். கொஞ்ச காலம் அம்மாவின் காரிலேயே குடும்பம் தங்கியிருந்தது. அம்மாவுக்கு ஃபுட்பால் பிடிக்காது, மத நம்பிக்கை அப்படி. பிறகு பள்ளித்தோழன் ஒருவனின் வீட்டில் இவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அந்த வீட்டு வேலைகளில் இவருக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். பெற்ற பிள்ளைக்குச் செய்வதை இவருக்கும் செய்தார்கள்.

இந்தப் பின்னணியை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. இவ்வளவையும் பார்த்த ஒருவருக்கு, என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்ற பயம் சின்னதாகத் தோன்றியிருக்குமோ என்று யோசித்துப் பார்த்தேன். அப்படித் தோன்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஒரு வீட்டை ஏற்கெனவே இழந்தவருக்கு, கிடைத்த இரண்டாவது வீட்டையும் இழந்துவிடுவோமோ என்ற பயம் பெரிதாகத்தான் இருக்கும். அணிதான் அவருக்கு அந்த வீடு.

மிசௌரிக்கு அவர் வந்தபோது பெரிய பெயரெல்லாம் கிடையாது. பள்ளி வீரர்களுக்கு நட்சத்திரம் போட்டு மதிப்பிடும் வழக்கம் அங்கே உண்டு. ஐந்துக்கு இரண்டுதான் இவருக்குக் கிடைத்தது. முதல் வருடம், 2009-இல், ஆட்டத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மூன்று சீசன் ஆடினார். பரவாயில்லை என்று சொல்லும்படி ஆடினார். ஆனால் அணிக்குள் அவர் எப்போதும் கலகலப்பான ஆள். சத்தமாகப் பேசுவார், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஒருவர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வாய்க்குள் வைத்திருந்தார். சத்தமாகப் பேசுகிறவரிடம் இன்னும் ஏதாவது இருக்கும் என்று யாரும் தேடுவதில்லை.

அதைத்தான் அந்த ஆகஸ்டில் எடுத்து வெளியே வைத்தார். சிலருக்கு முன்பே தெரியும், சிலர் ஊகித்திருந்தார்கள். பலருக்கு அது புதிது. தலைமைப் பயிற்சியாளர் கேரி பிங்கலுக்கும் தெரியவந்தது. இதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மனநிலை இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நூறு இளைஞர்கள் இருக்கும் இடத்தில் அது நடக்காது. ஆனால் ஒன்று நடந்தது. அங்கே சொன்னதை யாரும் வெளியே கொண்டுபோகவில்லை.

இதை நேயர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 2013. எல்லோர் கையிலும் போன், எல்லோருக்கும் ட்விட்டர். வயதோ 18 முதல் 23 வரை. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அதுவரை, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன ஒரு வீரரைக் களத்தில் கண்டதில்லை. அந்த லீக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒருவரைப் பற்றிய இந்தச் சேதி எந்தப் பத்திரிகைக்கும் முதல் பக்கச் செய்தி. ஆகஸ்டில் இருந்து பிப்ரவரி வரை, ஆறு மாதம், அதை அத்தனை பேரும் தங்களுக்குள் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லும் உரிமை மைக்கேலுடையது என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழவைப்பது இதுதான்.

சரி, சீசனுக்கு வருவோம்.

மிசௌரி 2012-இல்தான் எஸ்.இ.சி. என்ற தெற்கு மாநிலங்களின் கல்லூரிப் பிரிவில் சேர்ந்தது. கல்லூரி ஃபுட்பாலில் மிகக் கடுமையான பிரிவு அது. முதல் வருடமே நல்ல அடி, ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. இவர்களுக்கு இங்கே இடமில்லை என்று பேசினார்கள். 2013-இல் அதே அணி 12 ஆட்டம் ஜெயித்தது, இரண்டில்தான் தோற்றது. எஸ்.இ.சி.யின் கிழக்குப் பிரிவில் முதலிடம். ஒரு தோல்வி சவுத் கரோலினாவிடம், அதுவும் இரண்டு கூடுதல் நேரம் ஆடிய பிறகு, மூன்று புள்ளியில். இன்னொன்று டிசம்பரில், எஸ்.இ.சி.யின் இறுதி ஆட்டத்தில் ஆபர்ன் அணியிடம். சீசன் முடிவில் நாட்டுத் தரவரிசையில் ஐந்தாம் இடம்.

அந்த அணியில் மைக்கேல் சாம் எடுத்தது 11.5 சாக். இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை என்று கணக்கு, அதனால்தான் அந்த அரை. முந்தைய எந்த சீசனிலும் அவர் இதில் பாதியைக்கூட எட்டியதில்லை. ஆர்க்கன்சா ஸ்டேட், வாண்டர்பில்ட், ஃப்ளோரிடா ஆகிய மூன்று அணிகளுக்கு எதிராக ஆட்டத்துக்கு மூன்று வீதம் ஒன்பது. இடையில் ஜார்ஜியா அணியோடு நடந்த ஆட்டத்தில், தவறி விழுந்த பந்தை எடுத்து ஓடி டச் டவுனே வைத்தார். லைன்மேனுக்கு அந்த வாய்ப்பு எப்போதோதான் வரும். எஸ்.இ.சி.யின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை அலபாமாவின் சி.ஜே. மோஸ்லியோடு பகிர்ந்துகொண்டார். நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில் ஒருமனதாக இடம் பிடித்தார். அந்த டிசம்பரிலேயே பட்டமும் வாங்கினார். அவர் குடும்பத்தில் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

மனசில் இருந்த பாரத்தை இறக்கி வைத்ததால்தான் இப்படி ஆடினாரா? அப்படிச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கூட நின்றவர்களையும் சொல்ல வேண்டும். எதிர் ஓரத்தில் கோனி ஈலி, மாற்றாக இறங்க ஷேன் ரே, மார்கஸ் கோல்டன். மூவருமே பிறகு என்.எஃப்.எல். போனவர்கள். எதிரணி ஒருவரைத் தடுக்க இரண்டு பேரை ஒதுக்கினால் மற்றவர் புகுந்துவிடுவார். இது பயிற்சியின் பலன், கூட்டாளிகளின் பலன். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. அந்த சீசன் முடிவில் அணியின் மிகச் சிறந்த வீரர் யார் என்று வீரர்களே வாக்களித்தார்கள். தேர்ந்தெடுத்தது மைக்கேல் சாமை. வாக்குப் போட்ட ஒவ்வொருவருக்கும் அவர் யார் என்று தெரியும்.

2014 பிப்ரவரி 9 அன்று அவர் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியிலும் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிலும் உலகத்துக்குச் சொன்னார். ஒரே நாளில் நாடெங்கும் அவர் பேச்சு. என்.எஃப்.எல். அதிகாரிகள் சிலர் பெயர் சொல்லாமல், இவருடைய மதிப்பு இறங்கிவிடும் என்று பத்திரிகைகளிடம் கூறினார்கள்.

அடுத்த சனிக்கிழமை கொலம்பியாவில் கூடைப்பந்து ஆட்டம். இடைவேளையில் ஃபுட்பால் அணிக்குப் பாராட்டு. கான்சாஸிலிருந்து ஒரு சிறிய மதக்குழு, எதிர்ப்புத் தெரிவிக்க அட்டைகளோடு வந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கி, கைகோத்து, ஒரு நீண்ட வரிசையாக நின்றுவிட்டார்கள். பிப்ரவரிக் குளிர். அந்த அட்டைகள் அரங்கத்திலிருந்து கண்ணில் படாதபடி மனிதச் சுவர். வருடக்கணக்காக எதிரணியின் சுவரை உடைக்கும் வேலை பார்த்தவருக்காக அன்று ஊர் ஒரு சுவரானது. உள்ளே அவர் வந்தபோது அரங்கம் எழுந்து நின்றது.

அதற்கு மேல் நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் விட்டுவிடவும் முடியாது. மே மாதம் என்.எஃப்.எல். அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. மொத்தம் 256 பேர். மைக்கேல் சாம் 249-ஆவது. மறு ஓரத்தில் ஆடிய கோனி ஈலி 60-ஆவது இடத்திலேயே தேர்வாகிவிட்டார். ஈலி இரண்டு அங்குலம் உயரம் என்பது உண்மை. சாம் ஓரத்தில் நிற்க உயரம் போதாதவர், பின்வரிசைக்கு வேகம் போதாதவர் என்று நிபுணர்கள் சொன்னதும் உண்மை. தேர்வுக்கான ஓட்டத்திலும் பளுத்தூக்கலிலும் அவர் சுமாராகத்தான் செய்தார். ஆனால் எஸ்.இ.சி.யின் சிறந்த தடுப்பாட்டக்காரர் கடைசி எட்டுப் பேரில் ஒருவராக நின்றதற்கு அந்தக் காரணங்கள் மட்டும் போதும் என்று என்னை நம்பச் சொன்னால், என்னால் முடியாது.

அவரை எடுத்தது செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி. அதே மிசௌரி மாநிலம். முன்னோட்ட ஆட்டங்களில் மூன்று சாக் எடுத்தார். இருந்தும் ஆகஸ்ட் 30 அன்று விடுவித்தார்கள். அந்த அணியின் தடுப்பு வரிசை அப்போது லீக்கிலேயே மிக வலுவானவற்றில் ஒன்று, அதையும் சொல்ல வேண்டும். டல்லஸ் கௌபாய்ஸ் பயிற்சிக் குழுவில் சில வாரம் இருந்தார். 2015-இல் கனடாவின் மாண்ட்ரியல் அணிக்குப் போனார், ஒரு ஆட்டம் ஆடினார், மன நலத்தைக் காரணமாகச் சொல்லி விலகினார். என்.எஃப்.எல். சீசன் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. 2021 ஜூனில், கார்ல் நாசிப் என்ற ரைடர்ஸ் வீரர் அணியில் இருக்கும்போதே தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்து, அந்த சீசனில் களத்திலும் இறங்கினார். அவரும் டிஃபென்சிவ் எண்ட்தான்.

மைக்கேல் சாமை வெற்றி பெறாத வீரர் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் கல்லூரிக் கணக்கைத் தள்ளிவிட்டு எழுதுகிறார்கள். அதனால்தான் நான் அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டத்தை உங்களுக்குச் சொல்லாமல் எழுந்துபோக மாட்டேன்.

2014 ஜனவரி 3. காட்டன் பவுல் என்ற புகழ்பெற்ற ஆட்டம். இடம் டெக்சஸ் மாநிலம், ஆர்லிங்டன். அவர் பிறந்த மாநிலம். எதிரே ஓக்லஹோமா ஸ்டேட். கடைசி நிமிடங்கள். மிசௌரி 34, ஓக்லஹோமா ஸ்டேட் 31. பந்து எதிரணியிடம். இன்னும் கொஞ்சம் முன்னேறினால் சமன் செய்துவிடுவார்கள், டச் டவுன் வைத்தால் ஜெயித்தே விடுவார்கள். மிசௌரிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

குவார்ட்டர்பேக் எறிவதற்குக் கையை ஓங்குகிறார். ஓரத்திலிருந்து மைக்கேல் சாம் வந்து மோதுகிறார். பந்து நழுவிக் கீழே விழுகிறது. ஷேன் ரே அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். 73 கெஜம், பிடிக்க ஆளில்லை. 41-31.

கோப்பை மிசௌரிக்கு. அன்று இரவு அந்த அணி சொந்த ஊர் திரும்பத் தயாரானபோதும், ஆகஸ்டில் கேட்டதை யாரும் வெளியே சொல்லியிருக்கவில்லை. இன்னும் 37 நாள் அவர்கள் அதைக் காத்தார்கள்.

நன்றி, வணக்கம்.