மூன்றரை வட்டி கார்டு

நேயர்களுக்கு வணக்கம்.

கைமாற்றாக ஒரு லட்சம் கேட்கப் போன இடத்தில் "மூன்று வட்டி" என்றால் எழுந்து வந்துவிடுவோம். ஆனால் பர்ஸில் இருக்கும் கிரெடிட் கார்டுக்குப் பல வங்கிகள் போடுவது மூன்றரை முதல் மூன்றே முக்கால் வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. மூன்றரை என்றே வைத்தாலும் வரியோடு நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 13 காசு. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

பாக்கி ஒரு லட்சம் என்று வையுங்கள். மாத வட்டி 3,500, வரி 630. பில்லில் உள்ள மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 5 சதவீதம் என்று வைத்து, அதாவது 5,000 மட்டும் கட்டினால் அசலில் கழிவது 870 ரூபாய்தான். பாக்கி குறையக் குறைய மினிமம் டியூவும் குறையும். கடன் வருடக்கணக்கில் இழுக்கும். அதனால் பில் எவ்வளவு கேட்டாலும் நீங்கள் ஒரு தொகையை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். மாதம் 10,000 என்றால் பதினான்காம் மாதம் முடிந்துவிடும். அப்போதும் வட்டியும் வரியுமாக 31 ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும்.

பலர் சறுக்குவது வேறொரு இடத்தில். பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டுக்கு வட்டியில்லாத நாள் என்பதே கிடையாது. இன்று வாங்கும் மளிகைக்கு இன்றிலிருந்தே வட்டி. பத்தாயிரம் கட்டிவிட்டு எட்டாயிரத்துக்குத் தேய்த்தால் எப்படிக் குறையும்? கார்டை வீட்டில் வையுங்கள். மாதாமாதம் தானாகப் பிடிக்கும் ஓடிடி, செல்போன் கட்டணங்களையும் வேறு கணக்குக்கு மாற்றுங்கள். கமிஷன் பிடித்துக்கொண்டு கார்டுக்குக் காசு தரும் கடைகள் பக்கமே போகாதீர்கள்; பழைய பாக்கி புதுப் பாக்கியாக மாறுவதோடு கமிஷனும் கூடும்.

வட்டி தினக்கணக்கு. சம்பளம் வந்த அன்றே கட்டுங்கள், கடைசித் தேதிவரை வைத்திருக்க வேண்டாம். 10,000 ரூபாயைப் பதினைந்து நாள் முன்னதாகக் கட்டினாலே சுமார் 200 ரூபாய் மிச்சம். கார்டு இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றுக்கும் மினிமம் கட்டிவிட்டு, மீதிப் பணம் முழுவதையும் வட்டி அதிகமுள்ள கார்டில் போடுங்கள்.

வேகமான வழி, கடனை மாற்றுவது. அதே ஒரு லட்சத்தை 16 சதவீதத் தனிநபர் கடனாக ஓராண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 9,073. வட்டி 8,900-க்குள், 2 சதவீதச் செயலாக்கக் கட்டணமும் அதன் வரியும் சேர்த்தாலும் மொத்தம் 11,300 தாண்டாது. தனிநபர் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை, கார்டு பாக்கியை அதே கார்டில் இஎம்ஐ ஆக்கினால் அந்த வட்டிக்கு உண்டு. "மாதம் ஒரு சதவீதம்தான்" என்று போனில் சொன்னால், குறையும் அசலுக்கா, முழு அசலுக்கா என்று கேளுங்கள். முழு அசலுக்கு என்றால் அது உண்மையில் ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல். நகைக்கடன் இன்னும் மலிவு, ஆனால் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும்.

முழுவதும் கட்டியபின் அடுத்த பில்லையும் பாருங்கள். பில் தேதியிலிருந்து நீங்கள் கட்டிய நாள்வரையிலான வட்டி அதில் சிறு தொகையாக வரும். கவனிக்காமல் விட்டால் அதற்கும் தாமதக் கட்டணம் போடுவார்கள்.

கட்டவே முடியாத நிலையில் "பாதி கொடுங்கள், முடித்துவிடலாம்" என்று பேச்சு வரும். தொகையையும் தேதியையும் வங்கியின் கடிதத்தில் வாங்காமல் பணம் தராதீர்கள். நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபிலில் அது 'க்ளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். பின்னால் வீட்டுக்கடன் கேட்கும்போது இடிக்கும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. மீறினால் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம்.

பாக்கி தீர்ந்து கார்டே வேண்டாம் என்றால் மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூடவில்லை என்றால், அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி உங்களுக்கு 500 ரூபாய் தர வேண்டும். 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி அது. வணக்கம்.