சிவில் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்

வணக்கம். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கு ஒரு பங்காளி வழக்காவது இருக்கும். உங்களுக்கு இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்தாருக்கு இருக்கும். அதற்காகப் போலீஸ் நிலையம் போனவர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் கேட்டிருப்பீர்கள்: "இது சிவில் விவகாரம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்." புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வந்தால் அதுவே பெரிது. எப்படியோ மல்லுக்கட்டி, வழக்குப் பதிவாகி, குற்றப்பத்திரிகையும் வந்த பிறகு, அதே வாக்கியம் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு திரும்பி வரும்: "சிவில் வழக்கு நடக்கிறது, அது முடியும்வரை குற்றவியல் விசாரணையை நிறுத்தி வையுங்கள்."

நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி. வக்கீல் தொழிலில் இருந்த காலமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளகோவில் பக்கத்தில் ஓர் அம்மாள். கணவர் இல்லை. கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கொஞ்சம் செம்மறி, அவ்வளவுதான் சொத்து. கொழுந்தனார் மகன், வேறொரு கிழவியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், இவர் பெயரைச் சொல்லி, தானப் பத்திரத்தில் இடது பெருவிரல் ரேகை வைக்கச் செய்துவிட்டான் என்பது புகார். கருவியில் விரல் வைக்கும் வழக்கமெல்லாம் வராத காலம். "இவர்தான் அவர்" என்று அடையாளம் சொல்லக் கையெழுத்திட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர். "அன்றைக்கு வந்தது இந்த அம்மாள் இல்லை, கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்" என்று போலீஸ் விசாரணையில் சொல்லிவிட்டார். ஒன்றைக் கவனியுங்கள்: போலீசிடம் சொன்னது அப்படியே சாட்சியம் ஆகாது. கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்கு நின்று சொல்ல வேண்டும்.

அதற்குள் எதிர்த்தரப்பு மேல் கோர்ட்டுக்குப் போய்க் குற்ற விசாரணைக்குத் தடையாணை வாங்கிவிட்டது. காரணம்? பத்திரத்தை ரத்து செய்யக் கோரி அம்மாளே போட்ட சிவில் வழக்கு நிலுவையில் இருக்கிறதாம்! சிவில் வழக்கோ வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. டீக்கடைக்காரர் இறந்துபோனார். இன்னொரு சாட்சிக்குப் பார்வை மங்கிவிட்டது.

கடைசியில் சிவில் தீர்ப்பு வந்தது. பத்திரம் செல்லாது, காடு அம்மாளுடையது. சரி, இனிக் குற்ற வழக்கு சுலபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பதிவேட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பிரித்தால், ரேகை இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பி, நடுவே இரண்டு மூன்று வரிதான் தெரிகிறது. ஒப்பிடப் போதாது என்றார் நிபுணர். பார்வை மங்கிய சாட்சி, ஆளைச் சொல்ல முடியாது என்றார். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு. விடுதலை.

அம்மாள் வராந்தாவில் என்னைக் கேட்டார்: "ஏன் கண்ணு, அது என் கை இல்லை என்று அந்தக் கோர்ட் சொல்லிவிட்டது. இவன் செய்யவில்லை என்று இந்தக் கோர்ட் சொல்கிறது. அப்படியானால் பத்திரம் தானாகவா எழுதிக்கொண்டது?"

சட்டப்படி இரண்டு தீர்ப்புமே சரி. சிவிலில் எந்தப் பக்கம் தட்டு தாழ்கிறது என்று பார்த்தால் போதும். குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ஆகவே ஒன்றின் முடிவு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. 2005-இல் இக்பால் சிங் மார்வா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொன்னது. அதுவும் ஒரு போலி உயில் பற்றிய வழக்குதான். கட்டுப்படுத்தாத ஒரு தீர்ப்புக்காக எதற்குக் காத்திருக்க வேண்டும்? மறுபடியும் கேட்கிறேன், எதற்கு?

இது புதிய கேள்வி அல்ல. நம் சென்னை மாநிலத்திலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1954-இல் தீர்ப்பான எம்.எஸ்.ஷெரிப் வழக்கு. போலீஸ் அதிகாரிகள் சட்டவிரோதமாக அடைத்து வைத்தார்கள் என்ற புகாரிலிருந்து கிளைத்தது. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் இருந்தது. குற்ற வழக்குக்கே முன்னுரிமை என்று சொல்லி, சிவில் வழக்கைத்தான் நிறுத்தி வைத்தார்கள். எல்லோரும் குற்றத்தை மறந்துபோகும்வரை விசாரணை காத்திருப்பது தகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இரண்டு கோர்ட்டும் முரண்பட்ட தீர்ப்புத் தரலாமே என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. ஆனால் இரும்பு விதி இல்லை என்றும் சொன்னார்கள். சிவில் வழக்கு முடியும் தறுவாயில் இருந்தால் கணக்கு மாறலாம்.

எதிரிக்கும் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. சிவிலில் பதிலுரை போட்டால், குற்ற வழக்கில் தான் எடுக்கப்போகும் வாதம் முன்கூட்டியே வெளியாகிவிடும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயமில்லை என்பது அரசியல் சாசன உரிமை. உண்மை. அதற்கும் மருந்து சிவிலை நிறுத்துவதுதான். சிவிலுக்கு வேண்டிய பத்திரம் பீரோவில் கிடக்கும். குற்ற வழக்குக்கு வேண்டிய சாட்சி இருக்க மாட்டார்.

திருப்பூர்க்காரர்கள் வேறொன்று கேட்பார்கள். நூல் வாங்கிய பாக்கி வரவில்லை என்றால் உடனே மோசடிப் புகார் கொடுத்து மிரட்டுகிறார்களே, அதற்கு என்ன செய்வது? 2006-இல் இந்தியன் ஆயில் – என்.இ.பி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்தப் போக்கைக் கண்டித்திருக்கிறது. வெறும் பாக்கிதான், ஏமாற்றும் நோக்கம் இல்லை என்றால் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்யலாம், செய்ய வேண்டும். ரத்தும் செய்யாமல், நடத்தவும் விடாமல் தொங்கவிடுவது இரண்டு தரப்புக்கும் தண்டனை.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பொதுமக்களிடம் முதலீடு திரட்டிய பெருந்துறை ஈமு பண்ணை விவகாரத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியாது. முதலீட்டாளர் பாதுகாப்புக்கு 1997-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தில், சொத்தை முடக்குவதும் குற்றத்தை விசாரிப்பதும் ஒரே சிறப்பு நீதிமன்றத்தின் வேலை; நம் பக்கத்துக்கு அது கோவையில் இருக்கிறது. எது முன்னே, எது பின்னே என்ற சண்டைக்கு அங்கே அதிகம் வேலையில்லை.

இன்னொன்று மட்டும். நிலம் யார் கையில் இருக்கிறது என்ற அனுபோகத் தகராறில் கோட்டாட்சியர் நடத்தும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145 பிரிவு நடவடிக்கை, இப்போது புதிய சட்டத்தில் 164, அது வேறு. அங்கே சிவில் கோர்ட் கையில் எடுத்துவிட்டால் இது ஒதுங்க வேண்டும் என்று 1985-லேயே தீர்ப்பு இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். போலிப் பத்திரப் புகார் வைத்திருப்பவர்கள், பதிவேட்டு ரேகையை நிபுணருக்கு அனுப்பச் சொல்லி இப்போதே மனுப் போடுங்கள். வணக்கம்.