ரிப்போர்ட்டில் நாம் பார்க்காத வரி

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

கொழும்பில் மழை விட்டுச் சில கிழமை போனால் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" இரத்தம் உறைய உதவும் சிறு துணிக்கைகள் அவை. முப்பது வருடம் உயிரியல் படிப்பித்த நானும், பேரனுக்கு டெங்கு வந்தபோது அதைத்தான் கேட்டேன். தாதி இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கி வேறொரு வரியில் விரலை வைத்தார். பி.சி.வி. காலையில் 37, பின்னேரம் 45. "ஐயா, எங்களுக்கு இதுதான் பயம்" என்றார்.

அது என்ன வரி? உறையாத இரத்தத்தை ஒரு குழாயில் விட்டுச் சுழற்றினால் அடியில் செங்குழியங்கள் படியும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. பாதிக்குச் சற்று மேல் அதுதான். இரண்டுக்கும் நடுவே பாலாடை போல ஒரு வெளிறிய படை. வெண்குழியங்களும், நாம் தவித்துத் தேடும் பிளேட்லெட்டும் அதற்குள்தான். அடியில் நிற்கும் சிவப்பு நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதே பி.சி.வி.

இந்தக் கலங்கள் பிறக்கும் இடம் எலும்புக்குள் இருக்கும் மென்மையான என்பு மச்சை. வளர்ந்தவர்களுக்கு இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, முள்ளந்தண்டு. எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே வகைத் தண்டுக்கலம். செங்குழியமாகப் போகிற கலம் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, கடைசியில் தன் கருவையே வெளியே தள்ளிவிடும். கரு போனபின் தன்னைப் பழுதுபார்க்க வழியில்லை. சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்தது. ஈடுகட்ட மச்சை விநாடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் செங்குழியம் செய்கிறது. கட்டளை வருவதோ சிறுநீரகத்திலிருந்து, எரித்ரோபொயிட்டின் என்ற ஓமோனாக. சிறுநீரகம் பழுதானவர்கள் சோகை பிடித்து வெளிறுவது அதனால்தான். இரும்பும் வேண்டும். சோறு சாப்பிட்ட கையோடு ப்ளேன்டீ குடித்தால் அந்த இரும்பில் ஒரு பங்கு உடலில் சேராது. நான் இன்னும் விடவில்லை, அது வேறு கதை.

பிளேட்லெட் ஒரு முழுக் கலமே அல்ல. மச்சையில் இருக்கும் ஒரு இராட்சதக் கலம் பிய்த்துவிடும் துண்டு. ஆயுள் 8 முதல் 10 நாள். டெங்குவில் மச்சையும் சோர்கிறது, இருக்கிறதும் அழிகிறது. காய்ச்சல் விட்டுச் சில நாளில் எண்ணிக்கை தானாக ஏறும். பெயர் பப்பாசி இலைச் சாற்றுக்குப் போய்விடும்.

ஆபத்து வேறிடத்தில். மயிர் போன்ற நுண் இரத்தக் குழாய்கள் கசிந்து பிளாஸ்மா வெளியே போகிறது. குழம்பு வற்றினால் கிழங்கு கூடினாற்போலத் தெரியுமே, அப்படித்தான் 37 என்பது 45 ஆனது. இது பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் நடக்கும். "காய்ச்சல் விட்டுட்டுது, வீட்டுக்குப் போவம்" என்று மகன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

டொக்டர் வந்து சேலைன் அளவை மாற்றினார். இரவு முழுக்கத் தாதி சிறுநீரை அளந்து எழுதினார். மூன்றாம் நாள் காலை பி.சி.வி. 38. பிளேட்லெட் அப்போதும் 40,000தான். அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை.